இரண்டு சர்வரும் உயிரோடு இருந்தால் எழுதும் உரிமை யாருக்கு?

முக்கியமான டேட்டாபேஸை ஒரே சர்வரை நம்பி ஓட்டுவது ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டு சர்வர் வாங்கி இரண்டையும் ஒரே ஸ்டோரேஜோடு இணைக்கிறார்கள். ஒன்று வேலை பார்க்கும்; மற்றது காத்திருக்கும். முதல் சர்வர் படுத்துவிட்டால் காத்திருந்தது அதன் ஐபி முகவரியை எடுத்துக்கொள்ளும், டிஸ்க்கை மவுண்ட் செய்யும், டேட்டாபேஸைக் கிளப்பும். வெளியே இருப்பவருக்கு ஓரிரு நிமிடத் தடங்கல்தான். ஹை அவைலபிலிட்டி கிளஸ்டர் என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

இது தரவைக் காப்பாற்றும் என்று நம்பி வாங்குபவர்கள் அதிகம். இது காப்பது சேவையைத்தான். தரவைக் காக்கத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். அது இல்லாத இரண்டு சர்வர் கிளஸ்டர், ஒற்றை சர்வரைவிட ஆபத்தானது என்றே சொல்வேன். ஒற்றை சர்வர் நின்றுபோனால் தரவு டிஸ்க்கில் அப்படியே இருக்கும். இரண்டு சர்வர் ஒரே டிஸ்க்கில் ஒன்றையொன்று அறியாமல் எழுத ஆரம்பித்தால், திரும்பிப் போவதற்கு நல்ல பிரதியே இல்லாமல் போகலாம்.

எப்படி அந்த நிலை வருகிறது? காத்திருக்கும் சர்வர், மற்றது படுத்துவிட்டது என்பதை ஹார்ட்பீட் வழியாகத்தான் தெரிந்துகொள்கிறது. இரண்டும் சின்னச் சின்ன செய்திகளை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரம் வரை செய்தி வரவில்லை என்றால் எதிர்த்தரப்பு போய்விட்டது என்று முடிவு செய்யும். ஆரக்கிள் ரேக் கிளஸ்டரில் இந்தக் கெடு வழக்கமாக 30 விநாடி. மற்ற மென்பொருள்களில் கூடவோ குறையவோ இருக்கும்.

செய்தி வராததற்குக் காரணம் பல இருக்கலாம். எதிர்த்தரப்பில் மின்சாரம் போயிருக்கலாம். கெர்னல் உறைந்திருக்கலாம். கேபிளை யாராவது பிடுங்கியிருக்கலாம், சுவிட்சில் ஒரு போர்ட் கெட்டிருக்கலாம். சிபியூ மீது சுமை ஏறி, ஹார்ட்பீட் அனுப்பும் நிரலுக்கு முறையே வராமல் போயிருக்கலாம். வர்ச்சுவல் மெஷினாக இருந்தால், ஸ்னாப்ஷாட் எடுப்பதற்காக அதைச் சில விநாடி நிறுத்தி வைத்திருக்கலாம். இந்தப் பக்கம் இருப்பவருக்கு இவை எல்லாம் ஒரே மௌனம்தான். அந்த மௌனத்தை வைத்துக்கொண்டு எதிரே இருப்பது செத்ததா, தொடர்பு மட்டும் அறுந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிரல் எழுதினாலும் இதைத் தாண்ட முடியாது. செய்தி எப்போது வந்து சேரும் என்ற உத்தரவாதமே இல்லாத வலையமைப்பில், ஒரே ஒரு பங்காளி செயலிழக்கக் கூடும் என்றாலும், எல்லோரும் எப்போதும் ஒரு முடிவுக்கு வந்தே தீரும் நிச்சயமான வழிமுறை கிடையாது என்று ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் நிறுவிவிட்டார்கள். நடைமுறையில் கெடு வைத்து ஓட்டுகிறோம். கெடு என்பது ஊகம். ஊகம் சில நேரம் தப்பும்.

தப்பும்போது நடப்பதுதான் ஸ்ப்ளிட் பிரெய்ன். இரண்டு சர்வரும் உயிரோடு இருக்கும். மற்றது போய்விட்டது, இனி நானே தலைவன் என்று இரண்டுமே முடிவு செய்யும்.

டிஸ்க்குக்குள் என்ன ஆகிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம்கள் ஒரு நேரத்தில் ஒரே கணினிதான் தங்களைப் பயன்படுத்தும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த பிளாக் காலி, எது நிறைந்தது என்ற கணக்கை முதல் சர்வர் டிஸ்க்கிலிருந்து படித்துத் தன் மெமரியில் வைத்துக்கொள்கிறது. இரண்டாவது சர்வர் அதே டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது அதுவும் தன் மெமரியில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அது மட்டுமல்ல, ஜர்னலில் முடியாமல் நிற்கும் பதிவுகளைப் பார்த்து, முந்தைய சர்வர் பாதியில் விழுந்துவிட்டது என்று எண்ணி அவற்றைத் தானே முடித்துவைக்கிறது. முதல் சர்வரோ அந்த வேலையை இன்னும் செய்துகொண்டிருக்கிறது. இப்போது முதலாவது ஒரு காலி பிளாக்கை எடுத்து நோயாளி ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவை எழுதுகிறது. அந்த பிளாக் காலி என்றே இரண்டாவதன் கணக்கும் சொல்வதால், அதே இடத்தில் அது ஒரு பில்லை எழுதுகிறது. ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்துகொடுத்த கதைதான். இரண்டு பத்திரமும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும். மனை மட்டும் ஒன்றுதான்.

இந்தச் சேதம் உடனே வெளியே தெரிவதில்லை என்பது இன்னும் கொடுமை. படித்த பகுதிகள் மெமரியில் இருப்பதால் இரண்டு சர்வரும் சில மணி நேரம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும். சில நாள் கழித்து ஒரு கோப்பைத் திறக்கும்போதுதான் உள்ளே வேறொன்று இருப்பது தெரியும். அதற்குள் கெட்ட தரவையும் சேர்த்து பேக்கப் எடுத்தாகிவிட்டிருக்கும். ரெய்டும் உதவாது. டிஸ்க் கெடுவதிலிருந்துதான் அது காக்கும். சர்வர் எழுதச் சொன்னது சரியா தப்பா என்று அது பார்ப்பதில்லை.

டிஸ்க்கைப் பகிராமல் இரண்டு பக்கமும் தனித்தனிப் பிரதி வைத்து ரெப்ளிகேஷன் செய்தால் ஃபைல் சிஸ்டம் இப்படிக் குலையாது. ஆனால் இரண்டு பக்கமும் தனித்தனி வரலாறு எழுதப்படும். அதை ஒன்றாகச் சேர்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு கிட்ஹப் நிறுவனத்தின் 2018 அனுபவத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள். அந்த வெளிப்படைத்தன்மைக்காக அவர்களை மதிக்கிறேன்.

2018 அக்டோபர் 21, உலக நேரப்படி இரவு 10.52. அமெரிக்கக் கிழக்குக் கரையில், பழுதாகிக்கொண்டிருந்த 100 கிகாபிட் ஆப்டிக்கல் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை. அதில் அவர்களுடைய கிழக்கு வலையமைப்பு மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் இடையே இணைப்பு அறுந்தது. 43 விநாடியில் திரும்ப வந்துவிட்டது. அந்த 43 விநாடிக்குள், மைஎஸ்க்யூஎல் கிளஸ்டர்களைக் கவனித்துவந்த ஆர்க்கெஸ்ட்ரேட்டர் என்ற மென்பொருளின் மற்ற நோடுகள் (அது ஓடும் சர்வர்கள்), அதாவது மேற்குக் கரை டேட்டா சென்டரிலும் கிழக்கில் பொது கிளவுடிலும் இருந்தவை, கூடிப் பெரும்பான்மை சேர்த்தன. எழுதும் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றின. கிழக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த சில விநாடித் தரவு மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இணைப்பு திரும்பியதும் மேற்கில் புதிய தரவு குவிய ஆரம்பித்தது. இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மறுபக்கத்தை இழக்க வேண்டும்.

மிகவும் பரபரப்பான கிளஸ்டர்களில் ஒன்றில் அந்த இடைவெளியில் சிக்கிய பதிவுகள் 954 மட்டுமே. இரண்டு பக்கத் தரவையும் காப்பதற்காகத் தளத்தை மெதுவாக்கி, சில வசதிகளை நிறுத்தி, பேக்கப்பிலிருந்து மீட்டு, ரெப்ளிகேஷனைச் சரிசெய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. வேகத்தைவிடத் தரவு முக்கியம் என்று அவர்கள் எடுத்த முடிவு சரியானது.

இந்த நிகழ்வில் வாக்கெடுப்பு ஒழுங்காகவே நடந்தது. பெரும்பான்மை சரியாகச் சேர்ந்தது, ஒரே ஒரு தலைவன்தான் தேர்ந்தெடுக்கப்பட்டான். ஆனாலும் தரவு இரண்டாகப் பிரிந்தது. யார் தலைவன் என்று தீர்மானிப்பது ஒரு வேலை. பழைய தலைவன் இனி எழுத மாட்டான், அவன் எழுதியதெல்லாம் புதியவனிடம் இருக்கிறது என்று உறுதி செய்வது வேறொரு வேலை. கிளஸ்டர் நிர்வாகத்தில் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளப்படும் இடம் இதுதான்.

முதல் வேலையை வாக்கு செய்கிறது. பிரதிகளுக்கு வாக்கு கொடுத்துப் பெரும்பான்மையால் முடிவெடுக்கும் முறையை டேவிட் கிஃபோர்ட் 1979இல் எழுதினார். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980களில் கொண்டுவந்த வேக்ஸ்கிளஸ்டரில் வாக்கும், கோரமும் (முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச வாக்கு), கோரம் டிஸ்க்கும் நடைமுறைக்கே வந்துவிட்டன. கணக்கு எளியது. ஐந்து நோடு என்றால் மூன்று வேண்டும், மூன்று என்றால் இரண்டு. வலையமைப்பு எப்படி உடைந்தாலும் இரண்டு துண்டுகள் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் வைத்திருக்க முடியாது. பெரும்பான்மை இல்லாத துண்டு தன் சேவைகளை நிறுத்திக்கொள்ள வேண்டும். நான்கு நோடுக்குக் கோரம் மூன்று. மூன்று நோடு கிளஸ்டரைப் போலவே இதுவும் ஒரு நோடு விழுவதைத்தான் தாங்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான்.

சிக்கல் இரண்டு நோடில்தான். பெரும்பான்மைக்கு இரண்டுமே வேண்டும் என்று வைத்தால், ஒன்று விழுந்தாலே மற்றதும் நிற்க வேண்டிவரும். பிறகு இரண்டாவது சர்வர் எதற்கு? ஒன்று போதும் என்று வைத்தால் ஸ்ப்ளிட் பிரெய்னுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். அதனால் மூன்றாவது வாக்கு ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும். விண்டோஸ் கிளஸ்டரில் அது விட்னஸ்: ஒரு சின்ன டிஸ்க்காகவோ ஃபைல் ஷேராகவோ இருக்கலாம், 2016 பதிப்பிலிருந்து அஷூர் கிளவுடில் உள்ள சிறு சேமிப்பாகவும் இருக்கலாம். லினக்ஸில், நோடுகளுக்கிடையே செய்தி கடத்தும் கோரோசிங் என்ற மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் கியூநெட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஆரக்கிளில் வோட்டிங் டிஸ்க். இவை எதிலும் வாடிக்கையாளர் தரவு இருக்காது. சண்டை வரும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் வாக்களிப்பதே இவற்றின் வேலை.

மூன்றாவது வாக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. இரண்டு டேட்டா சென்டரில் ஒவ்வொரு சர்வர் வைத்துவிட்டு, விட்னஸை முதல் டேட்டா சென்டரிலேயே வைத்துவிடுவார்கள். அங்கே மின்சாரம் போனால் இரண்டு வாக்கும் சேர்ந்து போகும், மறுபக்கம் நன்றாக இருந்தும் எழுந்திருக்க முடியாது. மூன்றாவது இடத்தில், வேறு பாதையில் இணையும் வலையமைப்பில் வைத்தால்தான் அந்த வாக்குக்குப் பொருள் இருக்கும். அதற்குப் பெரிய கணினி தேவையில்லை. சாதாரணமான ஒன்று போதும்.

கேட்வேயைப் பிங் செய்து பார்த்து, பதில் வந்தால் நான் நல்ல பக்கத்தில் இருக்கிறேன் என்று முடிவெடுக்கும் முறையும் சில இடங்களில் உண்டு. அதை நடுவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கேட்வே எல்லோருக்கும் பதில் சொல்லும். இரண்டு சர்வருக்கும் இடையே உள்ள கேபிள் மட்டும் அறுந்திருந்தால் இரண்டுக்கும் பதில் வரும், இரண்டும் எழுந்துவிடும். தன் நெட்வொர்க் கார்டு வேலை செய்கிறதா என்று ஒரு நோடு தன்னைத்தானே சோதித்துக்கொள்ள அது பயன்படும், அவ்வளவுதான். ஒருவருக்கு ஆம் என்று சொன்னால் மற்றவருக்கு இல்லை என்று சொல்லியே ஆக வேண்டிய ஒன்றுதான் நடுவராக இருக்க முடியும்.

இனி இரண்டாவது வேலை. வாக்கில் தோற்ற நோடுக்குத் தான் தோற்றது தெரிந்தால்தானே நிறுத்தும்? நாற்பது விநாடி உறைந்துபோன சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது உறைந்திருக்கும்போது மற்றவை கூடி வாக்களித்து, புதிய தலைவனைத் தேர்ந்தெடுத்து, டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டன. உறைந்தது விழிக்கிறது. அதன் கணக்கில் நேரமே கழியவில்லை. விட்ட இடத்திலிருந்து, அடுத்த கட்டளையாக, டிஸ்க்கில் எழுதுகிறது. கோரம் போய்விட்டது என்று அதன் கிளஸ்டர் மென்பொருள் உணர்வதற்குள் எழுதி முடித்திருக்கும்.

ஆகவே தோற்றவரின் நல்லெண்ணத்தை நம்பாமல், அவரால் எழுதவே முடியாதபடி செய்ய வேண்டும். இதுதான் ஃபென்சிங். மீட்பு வேலை தொடங்கும் முன் ஃபென்சிங் முடிந்து, முடிந்தது என்ற உறுதியும் கிடைக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

நேரடியான வழி மின்சாரத்தை நிறுத்துவது. லினக்ஸ் உலகில் இதை ஸ்டோனித் என்பார்கள். எதிர்த்தரப்பு சர்வரின் ஐலோ, ஐடிராக் போன்ற நிர்வாகச் சிப்புக்கோ, ரேக்கில் உள்ள பவர் சுவிட்சுக்கோ கட்டளை அனுப்பி அணைத்துவிடுவது. அணைந்த சர்வர் எழுதாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் நிர்வாகச் சிப் அந்த சர்வரின் மின்சாரத்திலேயே ஓடுகிறது. சர்வருக்கு மின்சாரம் முழுக்கப் போய்விட்டால் சிப்பும் பதில் சொல்லாது. அணைந்ததா, நெட்வொர்க் போனதா என்ற பழைய கேள்வியே திரும்ப வரும். அதனால்தான் முதலில் சிப், அது தவறினால் பவர் சுவிட்ச் என்று இரண்டு அடுக்காக வைக்கச் சொல்கிறார்கள். இன்னொரு சிக்கல், இரண்டு நோடும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடுவது. ஒரு பக்கத்துக்குச் சில விநாடி தாமதம் வைத்தால் இது தீரும். பேஸ்மேக்கர் என்ற லினக்ஸ் கிளஸ்டர் மென்பொருளில், முக்கியமான சேவை எந்த நோடில் ஓடுகிறதோ அதற்குச் சாதகமாக இந்தத் தாமதத்தை அமைக்க வழி உண்டு.

இரண்டாவது வழி ஸ்டோரேஜ் வாசலிலேயே மறிப்பது. ஸ்கஸி-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் என்ற வசதியில் ஒவ்வொரு நோடும் தன் சாவி எண் ஒன்றை டிஸ்க்கிடம் பதிவு செய்கிறது. பதிவு செய்தவர் மட்டுமே எழுதலாம் என்று டிஸ்க்குக்குச் சொல்லிவைக்கிறார்கள். பிளவு வந்தால், வென்ற நோடு தோற்றதன் சாவியை நீக்குகிறது. வரிசையில் காத்திருக்கும் அதன் பழைய கட்டளைகளையும் ரத்து செய்யச் சொல்லலாம். மேலே சொன்ன உறைந்த சர்வர் விழித்து எழுதப் பார்த்தால் டிஸ்க்கே மறுத்துவிடும். இந்த முறையில் எனக்கு மதிப்பு அதிகம். காக்கப்பட வேண்டிய பொருளே தன்னைக் காத்துக்கொள்கிறது, எதிர்த்தரப்பின் சம்மதமும் தேவையில்லை, மின்சாரமும் தேவையில்லை. வெரிடாஸ் கிளஸ்டரில் வாக்கையும் இதே சாவிகளால் நடத்துகிறார்கள். தரவே இல்லாத மூன்று சின்ன டிஸ்க்குகளை நோக்கி இரண்டு பக்கமும் ஓடும். எதிரியின் சாவியை இரண்டு டிஸ்க்கிலாவது முதலில் நீக்குவது எதுவோ அது வென்றது. தோற்றது தன் கெர்னலைத் தானே நிறுத்திக்கொள்ளும்.

மூன்றாவது எஸ்பிடி. பகிர்ந்த டிஸ்க்கில் ஒவ்வொரு நோடுக்கும் ஒரு சின்ன செய்திப்பெட்டி. அணைந்துபோ என்ற செய்தியை அதில் எழுதிவைத்தால் அந்த நோடு படித்துத் தன்னை ரீசெட் செய்துகொள்ளும். படிக்கவே முடியாத நிலை என்றால்? சர்வருக்குள் வாட்ச்டாக் என்ற கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எஸ்பிடி அதைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவைக்காவிட்டால் அது சர்வரை ரீசெட் செய்துவிடும். செய்தி எழுதிய பக்கம் அந்த நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருந்துவிட்டுத்தான் மீட்பைத் தொடங்கும். வாட்ச்டாக் வன்பொருளாக இருப்பது நல்லது. கெர்னலை நம்பி ஓடும் மென்பொருள் வாட்ச்டாக், கெர்னலே உறைந்தால் சேர்ந்து உறையும்.

பகிர்ந்த டிஸ்க்கே இல்லாத அமைப்புகளில் ஏறுவரிசை எண் உதவுகிறது. ஒவ்வொரு முறை தலைமை மாறும்போதும் எண் ஒன்று கூடும். எழுதும் ஒவ்வொரு கட்டளையும் அந்த எண்ணைச் சுமந்து வரும். பழைய எண்ணோடு வருவதைச் சேமிப்பகம் திருப்பி அனுப்பிவிடும். கூகுளின் சப்பி பூட்டுச் சேவையைப் பற்றிய 2006 கட்டுரையில் இது இருக்கிறது. மார்ட்டின் கிளெப்மன் 2016இல் ஃபென்சிங் டோக்கன் என்ற பெயரில் இதை விளக்கியது பரவலாகப் படிக்கப்பட்டது. ராஃப்ட் வழிமுறையின் டெர்ம் எண்ணும் இதே வேலையைச் செய்கிறது.

ரெப்ளிகேஷனில் இதற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. மறுபக்கம் பெற்றுக்கொண்டது என்று தெரிவதற்கு முன் வாடிக்கையாளருக்குச் சரி என்று சொன்னால், அந்த இடைவெளியில் உள்ளதை எந்த நடுவராலும் மீட்க முடியாது. தொலைதூரத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருப்பது வேகத்தைக் குறைக்கும். கிட்ஹப், அந்த நிகழ்வுக்குப் பிறகு, டேட்டாபேஸ் தலைமை ஒரு பிராந்தியத்திலிருந்து இன்னொரு பிராந்தியத்துக்குத் தானாக மாறாதபடி ஆர்க்கெஸ்ட்ரேட்டரை அமைத்தது.

ஃபென்சிங் தோற்றால் என்ன ஆகும்? ஒழுங்காக அமைத்த கிளஸ்டர் அங்கேயே நிற்கும். சேவை தொடங்காது. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அலறும்போது இது பெரிய குறையாகத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் பலர் பேஸ்மேக்கரில் ஸ்டோனித்தை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கும் வரி பல அறிமுகப் பாடங்களின் தொடக்கத்திலேயே இருக்கிறது, பழகிப் பார்க்கும் வசதிக்காக. அதை அப்படியே உண்மையான சர்வருக்குக் கொண்டுபோகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். ரெட் ஹேட்டும் சுசேயும் ஃபென்சிங் இல்லாத கிளஸ்டருக்கு ஆதரவு தர மறுப்பது வியாபாரப் பிடிவாதத்தால் அல்ல. நின்றுபோன சேவையை ஒரு மணி நேரத்தில் கிளப்பிவிடலாம். கலந்துபோன தரவைப் பிரிக்க எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளஸ்டர் நின்று காத்திருக்கும்போது, மற்ற நோடு அணைந்துவிட்டது என்று கையால் உறுதி கொடுக்கும் கட்டளையும் இருக்கிறது. அதைத் தட்டும் முன், யாராவது நேரில் போய் அந்த சர்வரின் மின்கேபிளைப் பிடுங்கியாக வேண்டும். அணைந்திருக்கும் என்ற எண்ணம் போதாது.

கிளஸ்டரை ஒப்படைக்கும் முன் சோதிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு சர்வரின் பவர் பட்டனை அழுத்திப் பார்த்து, மற்றது எழுந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது மிக எளிதான சோதனை. நடுவருக்கு அதில் வேலையே இல்லை. ஹார்ட்பீட் கேபிள்களை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். நெட்வொர்க் இன்டர்ஃபேஸைக் கட்டளையால் இறக்குவது அதற்குச் சமமாகாது. கோரோசிங் அப்போது வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். பிறகு ஸ்டாப் சிக்னல் அனுப்பி கோரோசிங்கை உறையவைத்துப் பாருங்கள். கெர்னலை வேண்டுமென்றே விழவைத்துப் பாருங்கள். விட்னஸை நிறுத்திவிட்டு, கிளஸ்டர் பதறாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிழைத்த நோடின் லாகைத் திறந்து இரண்டு வரிகளின் நேரத்தை ஒப்பிடுங்கள்: ஃபென்சிங் வெற்றி என்ற வரி, ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆன வரி. மவுண்ட் வரி முந்தியிருந்தால் அந்தக் கிளஸ்டரை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.